கட்டளை ஒன்று, வால்வு செய்வது இன்னொன்று: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் பொய்லர்கள் பற்றி எழுதிய பதிலில் நீராவி, நீர் போன்றவற்றின் ஓட்டத்தைக் கட்டளைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டு வால்வைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பியகமவிலிருந்தும் இரத்மலானையிலிருந்தும் களனிக் கரையிலிருந்தும் கடிதங்கள் வந்து சேர்ந்திருப்பதால், இம்முறை பக்கம் முழுவதையும் அந்த விடயத்துக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஐயா, பியகமவில் துணிகளுக்குச் சாயமிடும் தொழிற்சாலையொன்றில் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். 8 பார் நீராவியால் சூடேற்றும் சாயத்தொட்டியின் வெப்பநிலை குறித்த அளவில் நிற்காமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டு பாகை ஏறுவதும் இரண்டு பாகை இறங்குவதுமாக இருக்கிறது. நீராவி வால்வின் தண்டைச் சுற்றிக் கிராஃபைட் கயிறு அடைத்திருக்கிறோம். வால்வுக்குக் கட்டளையிடும் கன்ட்ரோலரை இருமுறை மாற்றிவிட்டோம். அதன் அமைப்பு எண்களையும் பலமுறை திருத்திப் பார்த்தோம். பலனில்லை. அடுத்து எதை மாற்றுவது?

பதில்: எதையும் மாற்றுவதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். கன்ட்ரோலரைத் தானியங்கு நிலையிலிருந்து எடுத்து, கையால் இயக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, அது அனுப்பும் சமிக்ஞையை ஓரிடத்தில் நிறுத்திவையுங்கள். ஏற்ற இறக்கம் அப்போதே அடங்கினால், குற்றம் நீராவி வழங்கலிலோ தொட்டியிலோ இல்லை. கன்ட்ரோலருக்கும் வால்வுக்கும் இடையிலான சுற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதன் பிறகு சமிக்ஞையை அரைச் சதவீதம் அரைச் சதவீதமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவர் வால்வருகே நின்று, வால்வைத் திறந்து மூடும், ஸ்டெம் எனப்படும் தண்டின்மீது அளவுமானி ஒன்றை வைத்து, அது உண்மையிலே அசைகின்றதா என்பதைப் பார்த்துச் சொல்லட்டும். இதையே இறங்குமுகமாகவும் செய்யுங்கள். மூன்று, நான்கு சதவீதம் கூட்டும்வரை தண்டு அசையாமலிருந்து, பின்னர் திடீரெனத் துள்ளினால், உங்கள் நோய்க்குக் காரணம் உராய்வு.

நடப்பது இதுதான். தொட்டி சற்றுக் குளிர்ந்துவிட்டது என்பதைக் கன்ட்ரோலர் கண்டுகொண்டு 'திற' என்கிறது. தண்டு பிடித்துக்கொண்டிருப்பதால் வால்வு திறக்கவில்லை. பிழை தீராததைக் கண்டு கன்ட்ரோலர் இன்னும் கூட்டிக் கேட்கிறது. ஒரு கட்டத்தில் தண்டு விடுபட்டு, வேண்டியதற்கும் அதிகமாகத் திறந்துவிடுகிறது. இப்போது தொட்டி சூடாகிவிட்டது, 'மூடு' என்கிறது, மறுபடியும் அதே கதை. எண்களைத் திருத்தினால் இந்த ஊசல் மெதுவாகுமே ஒழிய ஓயாது. நீங்கள் இருமுறை செலவழித்த பணம், பிழை செய்யாத கன்ட்ரோலருக்குக் கொடுத்த தண்டனை.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். காற்றினால் இயங்கி வால்வுத் தண்டை அசைக்கும் சாதாரண அக்சுவேற்றரில், 300 மி.மீ விட்டமுள்ள டயபிரம் எனும் சவ்வு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். தண்டைக் கேட்ட இடத்தில் நிறுத்தும் பொசிஷனர் இல்லாமல், 0.2 முதல் 1.0 பார் வரையான காற்றுச் சமிக்ஞை அதற்கு நேரடியாகச் செல்கிறது. சமிக்ஞை ஒரு சதவீதம் மாறினால் டயபிரத்தின்மீது கூடும் விசை ஏறத்தாழ 57 நியூட்டன், அதாவது ஆறு கிலோ நிறையைத் தூக்கும் அளவுகூட இல்லை. தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பெக்கிங்கை இறுக்கிய ஆள் கைநீளமான குழாய்த்திருகியைப் பிடித்தவராக இருந்தால், அந்த ஆறு கிலோவை அவர் முதல் அரைச்சுற்றிலேயே விழுங்கிவிட்டிருப்பார்.

இதை நான் ஏட்டில் மட்டும் கற்றவனல்லன். பல ஆண்டுகளுக்கு முன் கொழும்புக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில், உங்களுடையதைப் போன்றே ஆடிக்கொண்டிருந்த வால்வொன்றைப் பார்க்க அழைத்திருந்தார்கள். வருடாந்தப் பராமரிப்பின்போது ஆலை முழுவதற்கும் வெள்ளிநிறப் பூச்சு அடித்திருந்தார்கள். வால்வின் உடல், அக்சுவேற்றரைத் தாங்கும் நுகம், திருகாணிகள், திறப்பளவைக் காட்டும் தகடு என்று எதையும் விட்டுவைக்காத பூச்சுக்காரர், பளபளப்பாக இருக்கவேண்டிய தண்டுக்கும் இரண்டு தடவை பூசியிருந்தார். தண்டு கீழிறங்கும்போதெல்லாம் அந்தப் பூச்சு செதில் செதிலாக உரிந்து பெக்கிங்குக்குள் போய்க்கொண்டிருந்தது. நீராவி கசியத் தொடங்கியதும் இன்னொருவர் வந்து பெக்கிங்கை அமுக்கும் கிளான்டை இறுக்கினார். அதற்கப்பால் வால்வு அசையவேயில்லை. பொசிஷனர் பழுது என்று எழுதப்பட்ட அட்டையொன்று அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

இனி, திருத்தம். நீங்கள் குறிப்பிட்டுள்ள நீராவி 8 பார் அமுக்கத்தில் சுமார் 175 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இருக்கும். டெஃப்லோனால் செய்த வி வடிவ வளையங்கள் 230 பாகை வரை தாங்கும் என்பதால், உங்களிடமுள்ள கிராஃபைட் கயிறு அந்த இடத்துக்கு அவசியமே இல்லை. கிராஃபைட் கூடுதல் வெப்பத்தைத் தாங்கும் என்பது மெய்தான், ஆனால் தண்டை மிகவும் இறுகப் பிடிக்கும். டெஃப்லோன் வளையங்களைப் போட்டு, அவற்றுக்கு மேலே கிண்ணம் போன்ற வில் வளையங்களை அடுக்கிவிட்டால், பெக்கிங் தேயத் தேய அந்த வில்லே தொடர்ந்து அமுக்கிக்கொண்டிருக்கும். ஆள் வந்து திருகியை வைக்கத் தேவையில்லை. இந்தக் கிண்ண வில்லுக்கு பிரான்சைச் சேர்ந்த ஜூலியன் பெல்வில் காப்புரிமை பெற்றது 1867இல். ஒன்றரை நூற்றாண்டு பழைமையான ஒரு பொருள்தான் இன்று வால்வுக் கசிவுக்கான ஐ.எஸ்.ஓ 15848 தரத்தைப் பல வால்வுகள் எட்டுவதற்கு உதவுகிறது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

பொசிஷனர் விடயத்தில் ஓர் எச்சரிக்கை. அது தண்டு நிற்கும் இடத்தை அளந்து, கேட்ட இடத்துக்கு வராவிட்டால் முழுக் காற்றமுக்கத்தையும் கொடுத்துத் தள்ளும் கருவி. ஆகவே சிறிய உராய்வை அது வென்றுவிடும். ஆனால் இறுகிப்போன தண்டை அது முழுப் பலத்தோடு தள்ளும்போது, தண்டு விடுபட்ட கணத்தில் குறித்த இடத்தைத் தாண்டி ஓடிவிடும். பெக்கிங்கைச் சரிசெய்யாமல் விலையுயர்ந்த இலக்கமுறைப் பொசிஷனரை வாங்கிப் பூட்டுவது, கால் முள்ளை எடுக்காமல் புதுச்செருப்பு வாங்குவதற்கு ஒப்பாகும். பெக்கிங்கைச் சரிசெய்த பின் வாங்குவதானால் வாங்குங்கள், அப்போது அது பெறுமதியானது. பழைய வகையில் தண்டின் அசைவை நெம்புகோலும் ஊசியும் கொண்டு அறிந்தார்கள். அதிர்வில் அந்த மூட்டுகள் தேய்ந்து, கருவியே பொய் சொல்லத் தொடங்கும். இப்போதைய பல கருவிகளில் காந்தமொன்று தண்டோடு நகர, உணரி தொடாமலே அதைப் படித்துவிடுகிறது. அதோடு, வால்வு முழுவதும் திறந்து மூடும்போது எந்தத் திறப்பில் எவ்வளவு காற்றமுக்கம் தேவைப்பட்டது என்பதை வரைபடமாக எழுதி வைத்துக்கொள்கிறது. இந்த ஆண்டின் வரைபடத்தை அடுத்த ஆண்டின் வரைபடத்தோடு ஒட்டிப் பார்த்தால், ஏறும் கோட்டுக்கும் இறங்கும் கோட்டுக்கும் இடையிலான அகலம் கூடியிருப்பதைக் கொண்டு, வால்வைக் கழற்றாமலே உராய்வு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். என்னைக் கேட்டால், கடந்த முப்பது ஆண்டுகளில் வால்வுத் துறையில் நடந்த முன்னேற்றங்களுள் மிகவும் பயனுள்ளது இதுவே.

கேள்வி: முப்பது வருடமாகக் கையால் வால்வு திருகி வேலை செய்கிறேன், தம்பிமார் இப்போது எல்லாவற்றுக்கும் தானியங்கி கேட்கிறார்கள். கை போதாதா? (ஒரு பொய்லர் இயக்குநர், இரத்மலானை)

பதில்: ஒரு இரவுக்குப் போதும், அண்ணே. அமெரிக்காவின் மார்ஷல்டவுன் நகரில் தீ மூண்ட வேளையில் நீர்ப்பம்பிகளை இரவு முழுவதும் கையால் கூட்டிக் குறைத்துக் களைத்த வில்லியம் ஃபிஷர் என்பவர்தான், 1880இல் அமுக்கத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் பம்பிக் கட்டுப்படுத்தியை உருவாக்கினார்.

கேள்வி: எங்கள் கொம்பிரசர் அடிக்கடி பழுதாகிறது. பொசிஷனர்களுக்குள் தண்ணீர் போய்விடுகிறது. காற்றில் இயங்கும் அக்சுவேற்றர்களை எல்லாம் கழற்றிவிட்டு மின் மோட்டாரில் இயங்குபவற்றைப் பொருத்திவிடலாம் என்று முகாமையாளர் சொல்கிறார். தங்கள் கருத்து என்ன?

பதில்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அது கொம்பிரசரின் குற்றமல்ல, கொழும்பின் வானிலை. 30 பாகை வெப்பத்தில் ஈரப்பதன் 80 சதவீதமாக இருக்கும் நாளொன்றில், ஒரு கனமீற்றர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். அதை வளிமண்டலத்துக்கு மேல் 7 பார் அமுக்கத்துக்கு அமுக்கி மீண்டும் 30 பாகைக்குக் குளிர்வித்தால், காற்றின் கனவளவு எட்டிலொன்றாகச் சுருங்கிவிடுவதால் அதற்குள் நாலு கிராம் மட்டுமே நீராவியாகத் தங்கும். மீதி இருபது கிராமும் தண்ணீராக விழும். நிமிடத்துக்கு 10 கனமீற்றர் காற்றை உள்ளிழுக்கும் கொம்பிரசர் இப்படி ஒரு மணித்தியாலத்தில் சுமார் 12 லீற்றர் தண்ணீரை உற்பத்தி செய்கிறது. கொம்பிரசர் அறையில் வாளி வைத்துப் பிடித்தால் நம்புவீர்கள். தாங்கியின் அடியிலுள்ள வடிகால் அடைத்துக்கொண்டால், அந்தத் தண்ணீர் வேறு வழியின்றி உங்கள் பொசிஷனரின் ஊசிமுனை போன்ற காற்றுத் துளைகளைத்தான் தேடிப்போகும். கருவிகளுக்குச் செல்லும் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, அந்த இடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையைவிடக் குறைந்தது 10 பாகை தாழ்ந்திருக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட விதி. உலர்த்தி ஒன்றும், தானாகத் திறக்கும் வடிகால்களும், வால்வருகே ஒரு வடிகட்டியும் போட்டுவிட்டு, ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள்.

அதன் பிறகும் முகாமையாளர் மின்னுக்கு மாறவேண்டும் என்றால், அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. காற்றை அமுக்குவதற்குக் கொடுக்கும் மின்னில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. 7 பார் குழாயில் 3 மி.மீ ஓட்டையொன்று இருந்தாலே மூன்று கிலோவாட்டுக்குக் குறையாமல் இரவு பகலாகப் போய்க்கொண்டிருக்கும். பழைய பொசிஷனர்கள் சும்மா இருக்கும்போதும் காற்றைக் கசியவிட்டுக்கொண்டே இருந்தன. பீசோ மின்விளைவால் இயங்கும் சிறு வால்வுகளைக் கொண்ட புதியவை, தண்டு அசையாதபோது காற்றை அநேகமாகக் குடிப்பதேயில்லை. ஆகவே அக்சுவேற்றரை மாற்றாமல் பொசிஷனரை மட்டும் மாற்றியும் பாதி மிச்சத்தைப் பிடிக்கலாம்.

மின் அக்சுவேற்றர் வாங்குவதானால் இரண்டு விடயங்களை விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒன்று, அது திறப்பதற்கும் மூடுவதற்கும் மட்டும் செய்யப்பட்டதா, அல்லது மணித்தியாலத்துக்கு நூற்றுக்கணக்கான முறை இயங்கித் தொடர்ந்து கட்டுப்படுத்தும் வேலைக்குச் செய்யப்பட்டதா என்பது. முதல்வகை மலிவாகக் கிடைக்கும். கட்டுப்பாட்டு வேலைக்குப் போட்டால் மோட்டார் சூடேறிச் சில மாதங்களில் கருகிவிடும். மற்றது, மின் போனால் அது எங்கே நிற்கும் என்பது. காற்றில் இயங்குவதற்குள் ஒரு சுருள்வில் இருக்கிறது. காற்று போனால் வில் வால்வைப் பாதுகாப்பான பக்கத்துக்குத் தள்ளிவிடும். சாதாரண மின் அக்சுவேற்றர் மின் போன இடத்திலேயே நின்றுவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வில்லோ, மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கொள்ளளவியோ உள்ள வகைகள் கிடைக்கின்றன, விலைதான் கூடும். எரியக்கூடிய வாயுவுள்ள இடங்களில் என்றால், நான் இன்னமும் காற்றின் பக்கம்தான்.

மழைக்காலத்துக்கு முன்பின் ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் இடி மின்னல் அதிகம் என்பதால், எதைப் பொருத்தினாலும் மின்னெழுச்சித் தடுப்பான் போட மறக்க வேண்டாம். கடற்கரைக்கு அருகிலுள்ள தொழிற்சாலை என்றால் திருகாணிகளை 316 ரகத் துருப்பிடிக்காத உருக்கில் கேளுங்கள். 304 ரகம் உப்புக் காற்றில் புள்ளிபுள்ளியாக அரிக்கும்.

கேள்வி: களனி ஆற்று நீரைப் பம்பி மூலம் ஏற்றும் நிலையமொன்றில் பணிபுரிகிறேன். குழாய்க்குள் இறகு போன்ற தட்டு சுழலும் பட்டர்ஃபிளை வால்வொன்றை அரைகுறையாக மூடி அமுக்கத்தைக் குறைக்கிறோம். குழாய்க்குள் கூழாங்கற்கள் உருளுவதுபோலச் சத்தம் கேட்கிறது. மணல் வருகிறதோ என்று வடிகட்டிகளைப் பார்த்தோம், இல்லை.

பதில்: அது மணலுமல்ல, கல்லுமல்ல, தண்ணீரே கொதித்து அடங்குகிறது. வால்வின் இடுக்கில் நீர் வேகமெடுக்கும்போது அந்த இடத்தின் அமுக்கம் விழுகிறது. 30 பாகை நீரின் ஆவியமுக்கம் 0.04 பார் அளவே. அதற்குக் கீழே விழுந்தவுடன் நீரில் ஆவிக் குமிழிகள் பிறக்கின்றன. இடுக்கைத் தாண்டியதும் வேகம் குறைந்து அமுக்கம் மீள்கிறது. குமிழிகள் உள்நோக்கி நொறுங்கி, ஒவ்வொன்றும் உலோகத்தில் ஒரு சிறிய சம்மட்டி அடியாக விழுகிறது. வால்வைக் கழற்றிப் பார்த்தால் இறகின் பின்பக்கம் கரிக்கட்டைபோலச் சொரசொரப்பாகக் குழிபட்டிருக்கும். வழவழவென்று தேய்ந்திருந்தால் அது வேறு நோய்: அமுக்கம் மீளாமல் ஆவியாகவே ஓடுவது.

பட்டர்ஃபிளை வகை இந்த வேலைக்குப் பொருந்தாததற்குக் காரணம், இடுக்குக்குப் பின் அமுக்கத்தை நன்றாக மீட்டுக்கொடுப்பதுதான். மீட்சி கூடினால் இடுக்கில் விழும் ஆழமும் கூடும். உள்வரும் நீர், வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்து, 6 பார் தனியமுக்கத்தில் இருந்தால், பட்டர்ஃபிளை வால்வு 2 பார் அளவு வீழ்ச்சியிலேயே பாய்ச்சல் அதற்குமேல் கூடாமல் நெரிந்துபோகும் நிலைக்கு வந்துவிடும். தண்டின் முனையிலுள்ள பிளக், சீற்று எனும் வளையத்தில் இறங்கி மூடும் குளோப் வால்வு 5 பாருக்குச் சற்றுக் கீழே வரை தாங்கும். சத்தம் இரண்டிலும் இந்த எல்லைகளுக்கு முன்பே ஆரம்பித்துவிடும்.

முதலில், செலவில்லாத வழி: நீர் போகும் திசையில் வால்வுக்குப் பின்னால் துளைத்தகடு ஒன்றைப் போட்டு, வீழ்ச்சியின் ஒரு பங்கை அதற்குக் கொடுங்கள், அல்லது வால்வை மேட்டிலிருந்து தாழ்வான இடத்துக்கு இறக்குங்கள், மேலேயுள்ள நீரின் உயரம் கூடுவதால் அமுக்கம் ஆவியமுக்கத்தைத் தொட நேரமெடுக்கும். அதற்கப்பால், குளோப் வால்வின் பிளக்கைச் சுற்றி நூற்றுக்கணக்கான நுண்துளைகள் கொண்ட கூண்டைப் பொருத்துவது. ஒரேயடியாக நாலு பாரை விழுத்தாமல், கூண்டுக்குள் கூண்டாகப் படிப்படியாக இறக்குவதும், சிறு தாரைகளாகப் பிரிந்த நீரின் குமிழிகள் உலோகத்தைத் தொடாமல் கூண்டின் நடுவில் ஒன்றோடொன்று மோதி அடங்குவதும் இதன் சூட்சுமம். ஆற்றுநீரில் சருகும் சேறும் வரும் காலத்தில் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள், வடிகட்டி அவசியம். ஸ்டெலைட் போன்ற கடினமான கலப்புலோகத்தைப் பூசுவது நோயைத் தீர்க்காது, அடிபடும் நாளைத் தள்ளிப்போடும்.

கேள்வி: நூறு மி.மீ குழாய்க்கு நூறு மி.மீ வால்வுதானே போடவேண்டும்?

பதில்: இல்லை. குழாயின் அளவு வேறு கணக்கு, வால்வின் அளவு வேறு கணக்கு. ஒரு பார் வீழ்ச்சியில் மணித்தியாலத்துக்கு எத்தனை கனமீற்றர் நீர் போகும் என்பதே வால்வின் கே.வி எண். நூறு மி.மீ குளோப் வால்வுக்கு இது 160 அளவிலும், ஐம்பது மி.மீ வால்வுக்கு 40 அளவிலும் இருக்கும். உங்களுக்குத் தேவை மணித்தியாலத்துக்கு 20 கனமீற்றர், வீழ்ச்சி ஒரு பார் என்றால், நேர்விகித வகையிலான பெரிய வால்வு 12 சதவீதத் திறப்பில் சீற்றோடு ஒட்டிக்கொண்டு துடிக்கும்; சீற்றும் அரித்துப்போகும். சிறியது பாதித் திறப்பில் அமைதியாக நிற்கும். குழாயைக் குறுக்கும் இணைப்பு இரண்டு போடுங்கள். விலையும் குறைவு.

கேள்வி: மொறட்டுவையில் பொறியியல் மாணவி நான். திறந்துவிட்டதா, மூடிவிட்டதா என்று கட்டுப்பாட்டு அறையின் விளக்கு காட்டும்போது, அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: அந்த விளக்கின் கம்பி எங்கிருந்து வருகிறதோ, அந்த அளவுக்கு. 1979 மார்ச் 28 அதிகாலையில் பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், அமுக்கத்தை விடுவிக்கும் வால்வொன்று திறந்தபின் மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்த விளக்கோ அணைந்துவிட்டது. அந்த விளக்கு வால்வின் தண்டோடு தொடர்புபட்டதல்ல. வால்வைத் திறக்கும் மின்காந்தமான சோலனொயிட்டுக்கு மின் போகின்றதா இல்லையா என்பதை மட்டுமே அது காட்டியது. மின் நின்றது, ஆகவே மூடிவிட்டது என்று இயக்குநர்கள் நம்பினார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் அந்த வழியே வெளியேறிக்கொண்டிருக்க, உலையின் மையம் ஒரு பகுதி உருகிப்போயிற்று.

ஆகவே, மகளே, எந்த வரைபடத்தைக் கையில் எடுத்தாலும் கட்டளை செல்லும் கோட்டையும், நிலை திரும்பி வரும் கோட்டையும் தனித்தனியே விரலால் தொடர்ந்து பாருங்கள். கட்டளைக்குரிய மின்னோட்டம் 4 இலிருந்து 20 மில்லியம்பியர் வரை. அதை ஏன் பூச்சியத்திலிருந்து தொடங்கவில்லை என்றால், கம்பி அறுந்ததையும் 'முழுதாக மூடு' என்பதையும் வேறுபடுத்தி அறிவதற்காகத்தான். நிலையை அறிவிக்கும் சுவிட்சு தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். காற்றோ மின்னோ போனால் வால்வு எங்கே செல்லவேண்டும் என்பதும் முதற்கேள்வியாகவே இருக்கட்டும்: சூடேற்றும் நீராவி வால்வு மூடவேண்டும், குளிர்விக்கும் நீர் வால்வு திறக்கவேண்டும். ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும் அவசர வால்வுகளை இப்போது ஆலையை நிறுத்தாமலே பத்திலொரு பங்கு அசைத்துப் பார்க்கிறார்கள். அசைந்தால் ஒட்டிக்கொள்ளவில்லை என்று அறியலாம், ஆனால் முற்றாக மூடும்போது கசியாது என்பதற்கு அது சான்றாகாது.

கேள்வி: பஞ்சிகாவத்தையில் பழைய கட்டுப்பாட்டு வால்வு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: பெயர்த்தகடு அதிலேயே இருந்து, தாங்கும் அமுக்க வகுப்பும் வில்லை அசைக்கும் காற்றளவும் அதில் படிக்கக்கூடியதாக இருந்தால் பார்க்கலாம். மேல்மூடியைக் கழற்றச் சொல்லி, பிளக்கின் ஓரத்தில் நீலமை தடவிச் சீற்றில் மெல்ல இருத்தி எடுங்கள். வளையம் எங்கும் அறாமல் மை பதியவேண்டும். தண்டில் விரல் நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக் கூடாது. கடைக்காரர் புதுப் பூச்சு அடித்து வைத்திருந்தால், தண்டுக்கும் அடித்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.